கை நனைக்காமல் மூன்று சுற்று

பாப்பா,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்கினால் சிரிப்பாய். காலையில் நீதான் எனக்கு இட்லி எடுத்து வைத்தாய். இந்நேரம் இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டு, மூக்கு அரித்தால் யாரைக் கூப்பிடுவது என்று உட்கார்ந்திருப்பாய். நான் மூங்கில்துறைப்பட்டில், ஆலை வாசலில், கரும்பு டிராக்டர் வரிசையில் நிற்கிறேன். முன்னால் நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் மதியச் சாப்பாடு இங்கேதான் என்று தெரிகிறது. கல்யாண வீட்டுக்காரன் இந்த நேரத்தில் கரும்பு ஏற்றிக்கொண்டு போவானா என்று உன் அம்மா ஒரு சண்டை போட்டுத்தான் அனுப்பினாள். வெட்டிய கரும்பு உன் முகூர்த்தம் முடியட்டும் என்று காத்துக்கொண்டிருக்குமா? அதோடு, வீட்டில் இருந்தால் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு டிராக்டர் சீட்டே மேல் என்று வந்துவிட்டேன்.

பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அப்பன்கள் நாலு புத்தி சொல்லி அனுப்புவார்கள். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. பொறுத்துப் போ, பெரியவர்களை மதி, சீக்கிரம் எழுந்திரு என்று எழுதலாம்தான். ஆனால் சீக்கிரம் எழுந்திருப்பதைப் பற்றி உனக்கு நான் எழுதினால் டிராக்டரே சிரிக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன்னை நினைத்து எழுத உட்கார்ந்தால் எனக்குப் புத்திமதி வரவில்லை. ஆச்சரியம்தான் வருகிறது. இந்தப் பெண் என் வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாளா, நான் வாங்கிக் கொடுத்த நோட்டில்தான் கணக்குப் போட்டாளா என்று மலைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மலைப்பைத்தான் எழுதப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போனை வைத்துக்கொண்டு உன் காலேஜ் சிநேகிதர்களோடு போக்கர் ஆடுவாய். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஒரே மேசையில் ஆடுவது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. காசு வைத்து ஆடுவதையெல்லாம் சட்டம் போட்டு நிறுத்தியாயிற்று, நாங்கள் வெறும் புள்ளிக்குத்தான் ஆடுகிறோம் என்று நீ சொன்ன பிறகும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தேன். கணக்கு டீச்சருக்குச் சீட்டு எதற்கு என்று கேட்டேன். "இதுவும் கணக்குதாம்ப்பா, வந்து குந்து" என்றாய். உட்கார்ந்தேன். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு முறை சீட்டு விழுந்ததும் ஒரு சுற்று பந்தயம். நம்பிக்கை இருந்தால் புள்ளியைத் தள்ளு, இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலகு. இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அன்றைக்கு உன் கையில் ஆட்டின் ஏஸும், கிளாவர் அஞ்சும். நடுவில் ஆட்டின் ராஜா, ஆட்டின் ஒன்பது, கிளாவர் நாலு விழுந்தது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். சேலத்துப் பையன் ஒருவன் மட்டும் நின்றான். நீ கொஞ்சம் புள்ளியைத் தள்ளினாய். அவனும் தள்ளினான். அடுத்து ஆட்டின் ரெண்டு விழுந்தது. நீ முன்னைவிட அதிகமாகத் தள்ளினாய். அதற்கும் அவன் ஒத்துக்கொண்டான். கடைசியாக ஸ்பேடு ஜாக்கி. அது உனக்கு எதற்கும் உதவாது என்று எனக்கே தெரிந்தது. இன்னும் ஒரு ஆட்டின் விழுந்திருந்தால் ஐந்து ஆட்டின் சேர்ந்து பெரிய கை ஆகியிருக்கும். விழவில்லை. உன் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. முடிந்தது கதை என்று நான் எழுந்துகொள்ளப் போனபோது நீ வைத்திருந்த புள்ளி அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாய். போனில் அவன் யோசிப்பதற்கான நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நீ ஜடையை முன்னால் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தாய். கடைசி நொடியில் அவன் விலகிவிட்டான்.

"இன்னாம்மா இது, கையில ஒண்ணுமே இல்லாம எல்லாத்தையும் தள்ளிட்ட?" என்று கத்திவிட்டேன்.

"ஒண்ணுமே இல்லன்னு சொல்லாத. ஆட்டின் ஏஸ் எங்கிட்ட இருக்கு. அப்டின்னா அது அவங்கிட்ட இருக்க முடியாது, எல்லாத்துலயும் பெரிய கை அவனுக்கு இல்ல. இது எனக்கு மட்டுந்தான் தெரியும். பொய்யில ஒரே ஒரு உண்ம இருக்கணும்ப்பா. அத கெட்டியா புடிச்சிக்கினுதான் மிச்சத்த சொல்லணும்."

"அத மொதல் சுத்துலயே தள்ளியிருந்தா அவன் அப்பவே ஓடியிருப்பான் இல்ல?"

"ஒரே வாட்டி கத்துனா யாரும் நம்ப மாட்டாங்க. நெஜமாவே ரெண்டு ஆட்டின் வெச்சிக்கினு இருக்கறவ மொதல்ல எப்டி ஆடுவா, அப்புறம் எப்டி ஆடுவா, கடைசில எப்டி ஆடுவா, அதே மாரி நானும் ஆடணும். மூணு வாட்டியும் ஒரே கதைய சொல்லணும். நடுவுல அந்த ஆட்டின் ரெண்டு வுழலன்னு வெச்சிக்க, அங்கயே வுட்டுட்டு எழுந்திருப்பேன். ஏற்கெனவே போட்டுட்டமேன்னு மேல மேல போடக் கூடாது."

அதற்குப் பிறகு நானும் என் போனில் அதை ஏற்றிக்கொண்டு, இதே ஆலை வரிசையில் உட்கார்ந்து ஆடித் தோற்றேன். நேருக்கு நேர் என்றால் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், போனில் யாருக்குத் தெரியப் போகிறது என்று தைரியமாக நினைத்தேன். ஒரு நாள் என்னோடு ஆடிப் பார்த்துவிட்டு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "மூஞ்சி தெரியலன்னா இன்னாப்பா, நல்ல சீட்டு வந்தா ஒடனே தள்ற. வரலன்னா யோசிச்சி யோசிச்சி தள்ற. போன் வழியாவே ஒன் மூஞ்சி தெரியுது" என்றாய். என்னைப் பெற்றவளுக்கே என்னை அவ்வளவு தெரியாது. அன்றைக்குச் சிரித்த நீ அதை ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சின்னசேலத்திலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மக்காச்சோள விதைக் கடை வைத்திருக்கிறார், நல்ல குடும்பம், ஜாதகம் பொருந்துகிறது என்று தரகர் அழைத்து வந்தார். நம் வடக்கனந்தல் வீட்டுக் கூடத்தில் அவர்கள் உட்கார்ந்ததும், நீ காபி கொண்டுவந்ததும், பிறகு நீங்கள் இருவரும் கொல்லையில் மோட்டார் கொட்டகை பக்கம் நின்று பேசியதும் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. அவர் உன்னிடம் நகை பற்றியோ சமையல் பற்றியோ கேட்கவில்லையாம். பின்னம் என்றாலே ஓடுகிற பசங்களுக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்டாராம். நீ அங்கேயே ஒரு கொய்யாவைப் பறித்து வெட்டிக் காட்டினாயாம். அந்தக் கொய்யாவோடு உன் மனசும் போய்விட்டது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரியாது. கூடத்துக்குத் திரும்பி வந்த உன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

சிக்கல் சம்பந்தியம்மாவிடம் இருந்து வந்தது. "பொண்ணு லட்சணமா இருக்குது. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மலமேல போயி வேல பாக்கறது வேணாங்க. டெய்லி வண்டியில மேல போயி கீழ வர்றது எங்களுக்கு சரிப்படாது. அந்த சம்பளத்த நம்பியா நாங்க இருக்கறோம்?" என்று சொல்லிவிட்டார்கள். சம்பளம் கம்மிதான், ஒப்பந்த வேலைதான். ஆனால் கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடம் உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். விடுமுறை நாளில்கூட மலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்காருவாய். உனக்கு அவரும் வேண்டும், மலையும் வேண்டும். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று போய்விடும் என்கிற மாதிரி அந்த அம்மா பேசிவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாய். "ஒங்க வூடு பாக்க எங்கப்பாவ ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்கத்தை. மத்த நாள்ல நான் காலையிலயே மலைக்குப் போயிடுவேன், இங்க அவரு ஒண்டியாதான் மாட்டுக்கு தண்ணி காட்டணும்." மரியாதையாகத்தான் சொன்னாய், சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அது முதல் சுற்று என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாய். "எனக்கு அந்த ஆளு அவ்ளோ ஒண்ணும் முக்கியம் இல்லப்பா. வேலதான் முக்கியம். அங்க போயி பேசிப் பாரு. ஒத்துக்கலன்னா கைய நனைக்காம எழுந்து வந்துடு. வேற எடம் பாக்கலாம்" என்றாய். நம் பக்கத்து வழக்கம்தான். காபி, பலகாரம் கணக்கில் சேராது. இலை போட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதுவரைக்கும் அந்த வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஆனால் யாரிடம் இதைச் சொல்கிறாய்? தாலி கட்டிய கையோடு உன் அம்மாவை மேடையிலேயே விட்டுவிட்டு முதல் பந்தியில் போய் உட்கார்ந்தவன் நான். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் எந்த மண்டபத்திலும் என்னைப் பார்த்ததும் பரிமாறுகிறவர்கள் இரண்டு வாளியாக எடுத்து வருவார்கள்.

சின்னசேலத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்ததுமே நெய் வாசனை. நானும் உன் அம்மாவும் உன் சித்தப்பாவும் தரகரும் போயிருந்தோம். சம்பந்தியம்மா தன் கையாலேயே சமைத்திருந்தார்கள். தண்ணீர் தெளித்த தலைவாழை இலை, முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், உளுந்து வடை, அப்பளம், சேமியா பாயசம். உட்கார்ந்தால் குற்றம் இல்லை, சாப்பிட்டால்தானே என்று இலை முன்னால் உட்கார்ந்தேன். "பொண்ணு வேல விஷயம் இன்னும் முடிவாவலீங்களே" என்று மெதுவாக ஆரம்பித்தேன். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்க, மொதல்ல சாப்புடுங்க" என்று அந்த அம்மா கரண்டியோடு வந்தார்கள். என் இலையில் வடை விழுந்தது. பாப்பா, அந்த வடையில் ஓட்டை சரியாக நடுவில் இருந்தது. ஓரம் பொன்னிறமாக இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால் அந்த வடையை நான் இன்னும் மறக்கவில்லை. எழுந்து நின்றேன். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பேச்சு முடியட்டும். முடிஞ்சா நானே கேட்டு வாங்கி சாப்புடறேன்" என்றேன். கூடமே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் மொறுக் என்று ஒரு சத்தம். உன் சித்தப்பா ஞாபகமில்லாமல் அப்பளத்தை உடைத்துவிட்டான். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் உடைந்த துண்டுகளை இலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "வாய்க்கு போவலீங்க, சத்தம் மட்டுந்தான்" என்றான். சிரிக்கவும் முடியவில்லை.

வரும் வழியில் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள் உன் அம்மா. சின்னசேலத்துக்காரன் எவனாவது பார்த்துவிட்டு, அங்கே வேண்டாம் என்று எழுந்து வந்தவன் இங்கே உட்கார்ந்து பரோட்டா தின்கிறான் என்று போய்ச் சொன்னால்? வீடு வரைக்கும் பச்சைத் தண்ணீரோடு வந்தேன். உன் சித்தப்பா வழி நெடுக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் நீ எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து ஒன்றொன்றாகக் கேட்டாய். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டதைவிட, நான் எழுந்ததும் அந்த அம்மா என்ன செய்தார்கள் என்றுதான் துருவினாய். "கோவமா போயிட்டாங்களா?" இல்லை என்றேன். "எலைய எடுத்துட்டாங்களா?" இல்லை. "கரண்டியக்கூட கீழ வெக்கல. எலையையே பாத்துக்கினு நின்னாங்க. கண்ணு ஒரு மாரி ஆயிடுச்சி" என்றேன். நீ குழம்புச் சட்டியைத் தட்டால் மூடினாய். பிறகு "சரி, மோரு வூத்தட்டுமா?" என்றாய். மேலே போவதா, அங்கேயே விட்டுவிடுவதா என்று நீ கணக்குப் போட்ட இடம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அந்த அம்மா கோபமாக இலையை எடுத்திருந்தால் அன்றைக்கே நீ வேலையை விட்டுவிடச் சம்மதித்திருப்பாய்.

அப்புறம் அவர்கள் பக்கமிருந்து சத்தமே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் தரகர் வந்து, அவர்கள் ஆத்தூர் பக்கம் வேறு ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதாகக் கேள்வி என்றார். நீ பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாய். சிவப்புப் பேனாவை மூடாமலே சொன்னாய், "ஜாதகத்த திருப்பிக் கேளுப்பா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜாதகத்தைத் திருப்பிக் கேட்பது என்றால் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போடுவது. அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவது? "நல்லா யோசிச்சியாம்மா?" என்றேன். "இதுல யோசிக்க இன்னா இருக்குது? வேற எடம் வரும்" என்று அடுத்த தாளை எடுத்தாய். நான் நம்பினேன். முழுசாக நம்பினேன். போன் போட்டு, கொஞ்சம் கறாராகவே, "எங்க பொண்ணு ஜாதகத்த குடுத்து அனுப்பிடுங்க" என்று சொன்னேன். என் குரலில் பிசிறே இல்லை. ஏன் இருக்கும்? நான் பொய் சொல்லவில்லையே. நீ தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய் வந்தாய், பாட்டு முணுமுணுத்தாய், மாட்டோடு பேசினாய். இவளுக்கு உண்மையிலேயே அந்தப் பையன் மேல் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சரியான உச்சி வெயிலில், சம்பந்தியம்மா பஸ் ஏறி ஒண்டியாக வந்து இறங்கினார்கள். கையில் மஞ்சள் பை. ஜாதகத்தைக் கொடுத்துவிட்டு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று நானும் உன் அம்மாவும் ஓரமாக நின்றோம். அவர்கள் பையை ஆணியில் மாட்டினார்கள். குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவினார்கள். கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். "வெயிலு தாங்கல. பசிக்குது. சோறு இருந்தா போடுங்க" என்றார்கள். உன் அம்மா சிலையாகிவிட்டாள். வீட்டில் அன்றைக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் ரசமும்தான், வடையா பாயசமா? நீதான் இலை போட்டாய். நீதான் சோறு வைத்தாய். அந்த அம்மா குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததை நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் நம் வீட்டில் கை நனைத்துவிட்டார்கள். நீ சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாய், ஒரு சொட்டு சிந்தவில்லை.

"வேலைக்கி போம்மா. வேணாங்கல" என்றார்கள் இலையைப் பார்த்துக்கொண்டே. "மழ நாள்ல மட்டும் வண்டிய எடுக்காத, பஸ்ஸுல போ. என் தம்பி அந்த வளைவுலதான் வண்டியோட வுழுந்தான். இன்னிக்கும் ஒரு காலு சரியா இல்ல. எனக்கு அந்த பயந்தான், வேற இன்னா?" நீ உடனே "சரிங்கத்தை, மழையில எடுக்க மாட்டேன்" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். "ஜாதகத்த கேட்டதுக்கூட எனக்கு பெருசா தெரிலீங்க. சாப்பாட்டு ராமன்னு ஊரே சொல்லுது ஒங்கள. நீங்களே வடைய தொடாம எழுந்துட்டீங்களே. இவங்க நெஜமாதான் போயிடுவாங்கன்னு அப்பவே தோணிச்சி."

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது நீ கொல்லையில் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் குந்தியிருந்தாய். முகத்தை முழங்காலில் புதைத்திருந்தாய். அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியவில்லை. "இன்னாம்மா?" என்று பதறிப்போய்க் கேட்டேன். அப்போதுதான் சீட்டைத் திருப்பிக் காட்டினாய். "கையில ஒண்ணுமே இல்லப்பா. அவங்க ஜாதகத்த திருப்பிக் குடுத்திருந்தாங்கன்னா வேலைய வுட்டுட்டு அவங்க பின்னாலயே ஓடியிருப்பேன்" என்றாய். நானும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தேன். அப்படியென்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? "ஒங்கிட்ட சொல்லியிருந்தா எலையப் பாத்ததும் குந்தி சாப்ட்டிருப்ப. பொண்ணு ஆசப்படறாளேன்னு ஒன் மூஞ்சே காட்டிக் குடுத்திருக்கும். நீ நம்புனாதாம்ப்பா அவங்க நம்புவாங்க." பொய்யில் ஒரு உண்மை இருக்க வேண்டும் என்பாயே, இதில் எது உண்மை என்று கேட்டேன். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். "ஒன் பசி" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. பெற்ற அப்பனையே ஏமாற்றியிருக்கிறாளே என்று ஒரு நாள் முழுக்க உர்ரென்று இருந்தேன். மறுநாள் இதே வரிசையில் டிராக்டரில் உட்கார்ந்திருந்தபோது மொத்தமும் ஒன்றாக எனக்கு விளங்கியது. யாருக்குப் பயம், எந்த நேரத்தில் எது எவ்வளவு தள்ள வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் பார்த்து, ஆசையை ஒரு மூலையில் அமுக்கி வைத்துக்கொண்டு, மாட்டோடு பேசிக்கொண்டு மூன்று சுற்றையும் ஒரே முகத்தோடு கடந்திருக்கிறாய். ஊரே கேலி செய்த என் வயிற்றையே பெரிய சீட்டாக்கிக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாய். வியப்பில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து டிராக்டர்க்காரர் இன்னா ஆச்சு என்றார். எம் பொண்ணு என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எழுத எழுத ஒரே ஒரு புத்திமதி தேறிவிட்டது, கேட்டுக்கொள். இனி அந்த அம்மாவிடம் ஆடாதே. வெயிலில் பஸ் ஏறி வந்து, நம் வீட்டுப் புளிக்குழம்பைச் சாப்பிட்டு, தன் பயத்தை எடுத்து உன் முன்னால் வைத்தார்களே, அவர்கள் சீட்டைத் திறந்து வைத்துவிட்டார்கள். திறந்து வைத்தவரிடம் மறைத்து ஆடுவது ஆட்டம் இல்லை. வேண்டியதை வாயைத் திறந்து கேள், கொடுப்பார்கள். அவர்கள் உன்னைவிடத் துணிச்சலானவர்கள்.

நீ எனக்குச் சீட்டைக் காட்டினாய். என்னுடையதையும் காட்டிவிடுகிறேன். நிச்சயம் நடந்த நாளிலிருந்து எனக்குப் பசியே எடுப்பதில்லை. வாயில் வைத்தால் மண்ணாக இருக்கிறது. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நம் வீட்டில் தாம்பூலம் மாற்றிய அன்றைக்கு நான் வடை வடையாகத் தின்றதை எல்லோரும் பார்த்தீர்கள், அது முதல் சுற்று. பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் எல்லாம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், அது இரண்டாவது. காலையில் நீ வைத்த இட்லிக்கு மேல் இன்னும் இரண்டு கேட்டேனே, அதுவும் சேர்த்தி. நீ ஒரு முறை என்னை உற்றுப் பார்த்தாய். கண்டுபிடித்துவிட்டாயோ என்று எனக்குப் பக்கென்றது. கடைசிச் சுற்று பாக்கி இருக்கிறது. முகூர்த்தம் முடிந்து உன்னைக் கொண்டுபோய் விடும்போது சின்னசேலத்தில் எனக்கு இலை போடுவார்கள். அந்த வீட்டில் நான் இன்னும் கை நனைக்கவில்லை. நானே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், சாப்பிட்டாக வேண்டும். இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் புடவைகளுக்கு மேலேயே வைப்பேன், அதற்கு முன்னால் படித்துவிடுவாய். அன்றைக்கு நீதான் பரிமாற வருவாய். தெரிந்தது என்று காட்டிக்கொள்ளாதே. என் முகத்தைப் பார்க்காதே. பேசாமல் இன்னொரு கரண்டி சோறு வை.

அப்பா